கூரைக்கு ஒரு கண்



சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நின்றுவிட்டதாமே என்று சென்ற இரண்டு திங்களாக நம்மைக் கேட்காதவர் இல்லை. சந்தையில் கேட்டார்கள், அலுவலகச் சாளரத்தின் அப்புறம் நின்று பயணச்சீட்டுக்குப் பணம் நீட்டியபடியே ஓர் அம்மையார் கேட்டார். வகுப்பு நிற்கவில்லை. ஆனால் நிற்கும் நிலைக்கு வந்தது மெய். அதைக் காத்தது 14 அங்குலச் சதுரமான ஓர் ஓட்டை என்று சொன்னால் நகைப்பீர்கள். ஆயினும் நடந்தது அதுதான். இத்திங்கள் அதையே எழுதுகிறோம்.

வகுப்பு முதலில் அன்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நடந்ததை அறிவீர்கள். வீட்டு உரிமையாளர் இடத்தைக் கேட்டுவிட்டார். வேறு இடம் தேடி அலைந்தபோது எதிர்பாராத உதவி ஒன்று வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்நாட்டில் எட்டாத ஊரில்லை. மைசூருவைச் சுற்றிய தோட்டங்களிலும் அவை துளைத்த கிணறுகள் பல. அத்தொழிலை விட்டுவிட்ட குடும்பம் ஒன்று, தம் ஆட்கள் வேலைத்தலத்தில் தங்குவதற்கென்று ஒரு காலத்தில் கட்டுவித்த டிரெய்லர் ஒன்றைச் சங்கத்துக்கு இனாமாகவே கொடுத்தது. லாரி அச்சின்மேல் கட்டிய வண்டி வீடு அது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பழுப்பு வார்னிஷ் பூசிய ஒட்டுப்பலகை. வயது நாற்பதுக்குக் குறையாது. அசோகபுரத்தில் ஓர் அன்பர் வீட்டின் பின்புறத்து வெற்றிடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சக்கரம் வைத்த பள்ளிக்கூடம் வேறு யாருக்கு உண்டு?

கொண்டாட்டம் மூன்று ஞாயிறு நிலைத்தது. வண்டிக்குக் கதவு ஒன்று, கையகலச் சன்னல் இரண்டு. சன்னல்களை ஒட்டி இப்புறம் மதில், அப்புறம் பலாமரம். கதவிலிருந்து நான்கடி உள்ளே போனால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வேறுபாடு தெரியாது. மின்கலத்தில் எரியும் விளக்கு ஒன்று வாங்கி மாட்டினோம். ஒளி ஓரளவு கிடைத்தது, காற்றுக்கு என் செய்வது? பத்து மணி வெயிலில் அத்தகரப் பெட்டி இட்டலிப் பானையாகிவிடும். முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி பாடம் நடக்க நடக்க அமர்ந்தபடியே கதவுப் பக்கம் நகர்ந்து, முடிவில் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நாம் அதட்டியதும் உண்டு. அவள் தாயார் ஒரு நாள் வந்தார். கட்டட வேலை செய்பவர். "ஐயா, வீட்டிலே கன்னடம், பள்ளிக்கூடத்திலே இங்கிலீசு, தமிழ் இங்கேதான். ஆனால் பிள்ளைக்குக் கண்ணும் போய்விடும்போல் இருக்கிறதே" என்றார். மறு வாரம் அச்சிறுமி வரவில்லை. 19 பேர் 7 பேர் ஆனார்கள். அடுத்த கூட்டத்தில் வகுப்பை முடித்துவிடுவது என்று செயற்குழுவில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

பக்கச் சுவரை வெட்டிப் பெரிய சன்னல் வைக்கலாம் என்பது நம் யோசனை. அதற்காக நாம் அழைத்துச் சென்றவர், அசோகபுரம் ரயில்வே பணிமனையில் பெட்டிப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். 1924இல் மைசூர் அரசு ரயில்வே தொடங்கிய பணிமனை அது. 1951இல் அந்த ரயில்வே தென்னக ரயில்வேயோடு இணைந்ததும், 2003இல் தென்மேற்கு ரயில்வே தனியே பிறந்ததும் நாம் கோப்பில் படித்தவை. அவருக்கோ அவை அப்பா, தாம், மகன் என்று மூன்று தலைமுறைச் சம்பளப் பட்டியல். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம்.

பெரியவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, சுவரை வெட்டாதே. சட்டம் மெலிந்தது. வெட்டினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும். அதோ மேலே என்ன?" என்றார். அண்ணாந்து பார்த்தோம். கூரை நடுவே சதுரமாக ஒரு தகர மூடி. உட்புறம் பழுப்புச் சாயம் அடித்து மூடப்பட்டு, கூரையோடு கூரையாக இருந்தது. இத்தனை வாரம் அதன்கீழ் நின்று பாடம் சொல்லியும் நம் கண்ணில் படவில்லை. அது வெண்டிலேட்டர். ஆட்கள் உள்ளே சமைத்த காலத்தில் புகை போக வைத்தது. என்றோ மழை ஒழுகியதென்று எவரோ அடைத்துவிட்டார்கள். "ஆண்டவன் கொடுத்த வழியை அடைத்துவிட்டு வேறு வழி தேடுகிறாய்" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று மாலையே நம்மை கிருஷ்ணராஜசாகரம் சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். 1979இல் திறந்த அவ்விடத்தில் 1899ஆம் ஆண்டின் மகாராணி சலூன் பெட்டி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் திரைச்சீலையையும் நாற்காலியையும் பார்ப்போம். பெரியவர் எந்தப் பெட்டிக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்க்கிறார். பழங்காலத்தில் பெட்டிக்கு ஒளி வந்ததே கூரை வழியாகத்தான் என்று அங்கே நின்று விளக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெட்டியின் கூரையில் வட்டத் துளைகள் இருக்கும். அந்தி வேளையில் நிலையத்தில் விளக்குக்காரர் கூரைமேல் ஏறி நடந்து, ஏற்றிய எண்ணெய் விளக்குகளை மேலிருந்தே துளைகளில் இறக்குவார். பின்னர் உலகெங்கும் உயர்ந்த பெட்டிகளுக்குக் கூரையின் நடுப்பகுதியை மட்டும் சற்று உயர்த்தி, அதன் இருபுறமும் நீளக் கண்ணாடிச் சாளரம் வைத்துக் கட்டினார்கள். பகலில் ஒளி, எப்பொழுதும் காற்று. அமெரிக்காவின் புல்மன் பெட்டிகள் அவ்வகையால் பெயர் பெற்றவை. அச்சு சுழலும்போதே மின்சாரம் உண்டாக்கும் டைனமோ 1890களில் வந்தபின், ஒளிக்காகக் கூரையை உயர்த்தும் தேவை குறைந்தது. பொருத்துகள் மிகுந்த அவ்வமைப்பு ஒழுகவும் செய்யும். ஒரே வளைவாய்க் கூரை கட்டுவது எளிது, உறுதியும் கூட. ஆதலால் அது வழக்கொழிந்தது. காற்றுக்கு மட்டும் கூரைமேல் டார்பிடோ வடிவக் குழல்களை வைத்தார்கள். வண்டி ஓடும்போது அவற்றைக் கடக்கும் காற்று உள்ளிருக்கும் வெப்பக் காற்றை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டபோது நமக்கு அரண்மனைக் கல்யாண மண்டபம் நினைவுக்கு வந்தது. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின் எழுப்பி 1912இல் முடித்த இப்போதைய அரண்மனையில், மயில் உருவங்களோடு கூடிய அந்த வண்ணக் கண்ணாடி விதானத்தின்கீழ் நின்றவர்கள் அறிவார்கள், ஒளி தலைமேலிருந்து இறங்குவது எப்படியிருக்கும் என்று. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர் ஓட்டு வீடுகளில் அடுக்களைக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு வைத்திருப்பார்களே! பாட்டி அரிசியில் கல் பொறுக்கியது அதன் வெளிச்சத்தில்தான்.

கணக்கும் அதையே சொல்கிறது. மேகம் மூடிய நாளில் வானத்தின் உச்சி, அடிவானத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளியுடையது. பக்கச் சன்னல் அடிவானத்தைப் பார்க்கிறது, அதுவும் நம் வண்டியில் மதிலைத்தான் பார்க்கிறது. கூரைத் துளையோ உச்சியைப் பார்க்கிறது. 14 அங்குலச் சதுரம் என்பது ஏறக்குறைய எட்டில் ஒரு சதுர மீட்டர். மங்கிய நாளிலும் வெளியே சுமார் 10,000 லக்ஸ் ஒளி இருக்கும். மூடியிலும் விளிம்பிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக வீணானாலும், பழைய 60 வாட் குண்டு விளக்கு ஒன்று தரும் ஒளி உள்ளே வந்து சேரும். நல்ல வெயிலில் அதுபோல் பத்து விளக்கு. காசில்லாமல்.

இனி வேலையைச் சொல்லவேண்டும். நம் தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

பெரியவர் வருவதற்கு முன்பே, ஒரு மழை நாளில் அந்த மூடியோரம் சொட்டியதென்று, கடையில் விற்கும் சிலிக்கான் பசை ஒரு குழாய் வாங்கி, அழுக்கின்மேலேயே நாம் கூரையில் ஏறித் தடவியிருந்தோம். அதற்கு அடுத்த மழையில் அதே இடத்தில் ஒழுகி, அரிச்சுவடி மூன்று நனைந்து உப்பிப்போயின. பெரியவர் அந்தப் பசையைக் கண்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். காரணம் பின்னர் தெரிந்தது. சிலிக்கான் ஒட்டிய இடத்தில் வேறெதுவும் ஒட்டாது; சாயமும் பிடிக்காது. காடி வாசனை அடிக்கும் வகையாயிருந்தால் உலோகத்தையும் அரிக்கும். அரைமணி நேரத்தில் நாம் தடவியதை எடுக்க இரண்டு ஞாயிறு பிடித்தது. மரத்தகட்டால் சுரண்டி, துணியால் தேய்த்து, மறுபடி சுரண்டி, தகடு வெள்ளிபோல் தெரியும்வரை அவர் விடவில்லை. கூரைமேல் காலை ஊன்றவும் விடவில்லை. குறுக்கே நீளப் பலகை போட்டு, அதன்மேல் படுத்தபடிதான் வேலை. மெல்லிய தகட்டில் முழங்காலை வைத்தால் குழி விழும். குழியில் நீர் நிற்கும். நின்ற நீர் வழி தேடும் என்பார்.

மூடியைத் திறப்பதே ஒரு நாள் வேலையாயிற்று. கீல் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மெல்லத் தட்டித் தட்டி அசைத்தோம். கீல் வண்டியின் முன்பக்கத்தில் இருப்பதை அப்பொழுது காட்டினார். மூடி பின்பக்கமாகத் திறக்கும். ஓட்டத்தில் எதிர்காற்று அதை அமுக்குமேயன்றித் தூக்காது. கட்டியவன் அறிந்தவன் என்றார். முகம் தெரியாத அத்தொழிலாளிக்கு அவர் கொடுத்த மதிப்பு நமக்கு மிகவும் பிடித்திருந்தது. அலுமினியத்தில் எவரோ இரும்புத் திருகாணி அடித்திருந்தார்கள். இரு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். துளையைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தது அதனால்தான். அவற்றை நீக்கி எவர்சில்வர் திருகாணி போட்டோம்.

புதிய மூடி வாங்கலாகாதா என்று சிலர் கேட்டார்கள். அமெரிக்க டிரெய்லர்களில் கூரைத் துளைக்கு 14 அங்குலம் என்பதே இன்றும் பொது அளவு, மூடியும் தனியே விற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலைக்கு ஓராண்டுப் பாடப்புத்தகம் வாங்கலாம். எனவே பழைய மூடியின் சட்டத்தையும் கீலையும் வைத்துக்கொண்டு, நடுத்தகரத்தை மட்டும் வெட்டி எடுத்து, அவ்விடத்தில் பாலிகார்பனேட் தகடு பொருத்தினோம். கண்ணாடி வேண்டாம் என்றது பிள்ளைகள் தலைக்குமேல் என்பதனால். பலாமரமும் பக்கத்தில் இருக்கிறதே.

அத்தகட்டைப் பற்றிச் சில சொல்லவேண்டும். வீட்டில் இதுபோல் செய்ய எண்ணுவோர்க்கு உதவும். அதற்கு மேற்பக்கம், கீழ்ப்பக்கம் உண்டு. வெயிலின் கடுங்கதிரைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கத்தில்தான். அது வானத்தைப் பார்க்கவேண்டும். மாற்றிப் போட்டால் சில ஆண்டில் மஞ்சளித்துவிடும். தின்னரோ பெட்ரோலோ கொண்டு துடைத்தால் மயிரிழை வெடிப்பு விழும். சோப்பு நீரே போதும். அது வெயிலில் அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு விரியும். 16 அங்குலத் தகடு காலைக் குளிருக்கும் நடுப்பகல் கூரைச் சூட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குமேல் நீளும். ஆகவே திருகாணித் துளையைத் திருகாணியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இடவேண்டும். இறுக்கி முறுக்கவும் கூடாது. "அதுவும் மூச்சு விடவேண்டாமா?" என்றார் பெரியவர். சட்டத்துக்கும் கூரைக்கும் இடையே பியூட்டைல் டேப் வைத்தோம். பிசின்போல் என்றும் இளகியே இருக்கும் அது, தகடுகள் அசைந்தாலும் விட்டுக்கொடாது.

பால்போன்ற வெள்ளைத் தகடு வாங்கு என்று அவர் சொல்லியிருந்தார். தெளிந்த தகடு விலை குறைவென்று நாம் அதையே வாங்கி வந்தோம். குமாஸ்தா புத்தி! பொருத்திப் பார்த்த அன்றே வெயில் ஒரு சதுரத் துண்டாக இறங்கித் தரையைச் சுட்டது. அத்துண்டுக்குள் கண் கூசியது, வெளியே பழைய இருட்டு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தகட்டைக் கழற்றி, கீழ்ப்பக்கத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பனி படிந்ததுபோல் ஆயிற்று. மறுபடி மாட்டியபோது வெயில் துண்டு மறைந்து, ஒளி எங்கும் பரவி நின்றது. உட்சுவருக்கு வெள்ளைச் சாயம் அடித்தது கடைசி வேலை. பழுப்பு வார்னிஷ் விழுங்கிக்கொண்டிருந்த ஒளியில் பெரும்பகுதியை வெள்ளைச் சுவர் திருப்பித் தருகிறது. கொசுவலைக் கம்பியும் ஒன்று பொருத்தினோம்.

செலவு தகட்டுக்கு 600, பியூட்டைல் டேப்புக்கு 750, திருகாணியும் கம்பிவலையும் 310, சாயம் 680, ஆக 2,340 ரூபாய். கணக்குச் சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். வெற்றிலை பாக்கு மட்டும் பெற்றுக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று நல்ல மழை. பாடத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளும் நாமும் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாளம் போட்டது மழை. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. மழை விட்டதும் மூடியை நான்கு விரற்கடை உயர்த்தினோம். கதவு வழியே குளிர்காற்று நுழைய, உள்ளிருந்த புழுக்கம் மேலே ஏறிப் போய்விட்டது.

மூன்றாம் ஞாயிறு மற்றொரு வேடிக்கை. மைசூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையும் சிறிதும் தள்ளி இருப்பதனால், ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். அன்று வகுப்பு முடிந்தும் பிள்ளைகளைப் பன்னிரண்டரை மணிவரை நிறுத்தி வைத்து, வெளியே ஒரு கோலை நட்டு, அதன் நிழல் அடியிலேயே அடங்குவதைக் காட்டினோம். பின் உள்ளே வந்து பார்த்தால், கூரைக் கண் முழுதும் ஒரே வெண்மை. கடைசி வரிசையில், முன்பு எழுத்தே தெரியாத மூலையில், நாளிதழின் பொடி எழுத்தை ஒரு பையன் உரக்கப் படித்தான். திரைப்பட விளம்பரம்தான். நாம் தடுக்கவில்லை.

வகுப்பை முடிக்கும் தீர்மானத்தைச் செயற்குழு எடுத்துக்கொள்ளவில்லை. இப்பொழுது 16 பேர் வருகிறார்கள். படியில் உட்கார்ந்த சிறுமியின் வீட்டுக்கு நாமே போய்ச் சொல்லி வந்தோம். முதல் நாள் தாயாரும் கூட வந்து, உள்ளே தலையை நீட்டி மேலே பார்த்துவிட்டு, மகளை விட்டுச் சென்றார். அவள் இப்பொழுது நடுவில், அந்தச் சதுரத்தின் நேர்கீழே அமர்கிறாள். அவ்விடத்துக்குத்தான் இப்பொழுது பிள்ளைகளிடையே சண்டை.

சண்டையைத் தீர்க்க வழி உண்டு. வண்டியின் முன்கோடியில் இதேபோல் இரண்டாவது மூடி ஒன்று சாயத்துக்குள் புதைந்திருப்பதைப் பெரியவர் கண்டுபிடித்திருக்கிறார். தசராக் கூட்டம் தொடங்குமுன் அதையும் திறந்துவிடலாம் என்கிறார். எட்டடி ஏணி ஒன்றும், நீளமான பலகை ஒன்றும் இரு ஞாயிறுகளுக்கு இரவல் வேண்டும். வைத்திருக்கும் அன்பர்கள் வகுப்பு நேரமாகிய காலை 10 மணிக்கு அசோகபுரத்துக்கே கொண்டுவரலாம். சிலிக்கான் பசை மட்டும் யாரும் கொண்டுவரவேண்டாம்.